எடிசன்ல மிடில் ஸ்கூல்: ஊர்லேர்ந்து பிள்ளைய கூட்டிட்டு வர்றவங்களுக்கு

நாங்க 2024 ஜூலைல கோயம்புத்தூர்லேர்ந்து நியூஜெர்சி எடிசனுக்கு வந்தோம். பையன் ஊர்ல அஞ்சாங்கிளாஸ் முடிச்சிருந்தான், இங்க செப்டம்பர்ல நேரா ஆறாங்கிளாஸ், அதாவது மிடில் ஸ்கூல். சின்னப் புள்ளைங்க ஸ்கூல்ல ஒரே டீச்சர், ஒரே கிளாஸ் ரூம், ஏதாச்சும் பிரச்சனைன்னா அந்த டீச்சரே கூப்பிட்டு சொல்லிருவாங்க. மிடில் ஸ்கூல்ல அப்படி இல்ல, பாடத்துக்கு ஒரு டீச்சர், பீரியடுக்கு ஒரு ரூம், புள்ள முழுசா யாரு கண்ணுலயும் இருக்கறதில்ல. அதனால கேக்க வேண்டியத நாமதான் போய் கேக்கணும், கேட்டா நல்லாவே பதில் சொல்றாங்க, கேக்கலன்னா அவங்களா வந்து சொல்ல மாட்டாங்க. இது எனக்கு லேட்டா புரிஞ்சதாலதான் இவ்வளவு விவரமா எழுதறேன்.

வீடு பாக்கும்போதே

அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடி ஸ்கூல் எதுன்னு பாத்துருங்க, ஏன்னா இங்க கவர்மென்ட் ஸ்கூல்ல நமக்குப் பிடிச்ச ஸ்கூல எடுக்க முடியாது, வீட்டு அட்ரஸ்தான் முடிவு பண்ணும். எடிசன்ல மிடில் ஸ்கூல் நாலு, நாலுக்குமே ஜனாதிபதிங்க பேரு: ஹெர்பர்ட் ஹூவர், தாமஸ் ஜெஃபர்சன், ஜான் ஆடம்ஸ், வுட்ரோ வில்சன். எல்லாமே 6லேர்ந்து 8 வரைக்கும். ஹூவர், ஜெஃபர்சன்ல படிக்கறவங்க அப்புறம் எடிசன் ஹைஸ்கூலுக்குப் போவாங்க, ஆடம்ஸ், வில்சன்ல படிக்கறவங்க ஜே.பி. ஸ்டீவன்ஸ் ஹைஸ்கூலுக்குப் போவாங்க. அதனால நீங்க மிடில் ஸ்கூலுக்குன்னு எடுக்கற வீடு ஹைஸ்கூலையும் சேத்தே முடிவு பண்ணிருது.

நம்ம ஆளுங்க நிறைய பேரு ஜிப் கோட வச்சு, இல்ல வீடு விக்கற ஆப்ல போட்டிருக்கற ஸ்கூல் பேர வச்சு வீடு எடுத்துடறாங்க. ஒரே ஜிப் கோட்ல ஒரு தெரு ஒரு ஸ்கூலுக்கும் பக்கத்துத் தெரு இன்னொரு ஸ்கூலுக்கும் போகலாம். ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் ஆபீசுக்கு (ஊர்ல இருக்கற கவர்மென்ட் ஸ்கூல் எல்லாத்தையும் நடத்தற ஆபீஸ்) ஒரு போன் போட்டு வீட்டு நம்பரோட தெருப் பேர சொல்லி கேளுங்க, ரெண்டு நிமிஷ வேலை.

இன்னொன்னு பஸ். நியூஜெர்சில எட்டாங்கிளாஸ் வரைக்கும் வீட்டுக்கும் ஸ்கூலுக்கும் 2 மைலுக்கு மேல இருந்தாத்தான் இலவச பஸ் கண்டிப்பா தரணும். 1.8 மைல்ல வீடு எடுத்தீங்கன்னா பனிக்காலத்துல பிள்ளைய யாரு கொண்டுபோய் விடறதுன்னு இப்பவே யோசிச்சுக்குங்க, புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் வேலைக்குப் போற வீட்டுக்கு, அதுவும் வீட்டுல ஒரே கார்னா, இது ரொம்பப் பெரிய விஷயம்.

ஊர்லேர்ந்து கிளம்பறதுக்கு முன்னாடி எடுக்க வேண்டிய காகிதம்

பிறப்புச் சான்றிதழ், பாஸ்போர்ட், கடைசி ரெண்டு வருஷ மார்க் ஷீட், டிசி. டிசி இல்லன்னா இங்க சேர்க்க மாட்டேன்னு சொல்ல மாட்டாங்க, ஆனாலும் வாங்கிட்டு வாங்க, எந்தக் கிளாஸ் முடிச்சான்னு காட்ட அது சுலபமான வழி. எல்லாமே இங்கிலீஷ்ல இருக்கட்டும்.

இதெல்லாத்தையும் விட முக்கியம் தடுப்பூசி அட்டை. இங்கதான் நாங்க மாட்டினோம். பையன் 2013 செப்டம்பர்ல பிறந்தவன். அவனுக்கு எம்எம்ஆர் ஊசி (தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லாவுக்குப் போடறது) போட்டத டாக்டரம்மா அட்டைல 04/12/2014ன்னு எழுதியிருந்தாங்க, அதாவது டிசம்பர் 4, குழந்தைக்கு பதினஞ்சு மாசம் ஆகப்போற நேரம். இங்க ஒரு கிளினிக்ல ஸ்கூலுக்கான பாரத்த நிரப்பின பொண்ணு அத ஏப்ரல் 12ன்னு டைப் பண்ணிட்டாங்க, ஏன்னா இங்க மாசம்தான் முன்னாடி வரும். ஏப்ரல்ல அவனுக்கு ஏழு மாசம்தான். எம்எம்ஆர் முதல் பிறந்தநாளுக்கு அப்புறம் போட்டிருந்தாத்தான் செல்லும், அதுக்கு முன்னாடி போட்டது கணக்குல வராது. ஸ்கூல் நர்ஸ் போன் பண்ணி ஒரு டோஸ் குறையுதுன்னு சொன்னப்ப எங்களுக்கு ஒண்ணுமே புரியல, திரும்ப ஊசி போட அப்பாயின்மென்ட் எல்லாம் வாங்கிட்டு, ராத்திரி பத்து மணிக்கு சமையல் மேடை மேல அந்தப் பழைய மஞ்ச அட்டைய விரிச்சு வச்சு பாரத்தோட ஒவ்வொரு வரியா சரிபார்த்தப்பதான் தேதி கண்ணுல பட்டுச்சு. நீங்க என்ன பண்ணுங்க, ஊர்லயே உங்க டாக்டர்கிட்ட ஒரு லெட்டர்பேட்ல எல்லா ஊசியையும் மாசத்த எழுத்துல போட்டு, "4 டிசம்பர் 2014"ன்னு, கையெழுத்து சீல் வச்சு வாங்கிட்டு வந்துருங்க.

நம்ம ஊர்ல ஒன்பதாவது மாசம் போடற தட்டம்மை ஊசி இங்க கணக்குல வராது, முதல் பிறந்தநாளுக்கு அப்புறம் ரெண்டு டோஸ் இருக்கணும். சின்னம்மை ஊசி நிறைய பேரு ஊர்ல போட்டிருக்க மாட்டாங்க, இங்க அது வேணும். ஹெபடைட்டிஸ் பி மூணு டோஸ். போலியோவுல ஒரு நுணுக்கம் இருக்கு, 2016 ஏப்ரலுக்கு அப்புறம் வாய்ல விட்ட சொட்டு மருந்த இங்க டாக்டருங்க எடுத்துக்கறதில்ல, அதுக்கப்புறம் ஊசியா போட்டதுதான் கணக்கு. ஆறாங்கிளாஸ்க்குன்னு தனியா ரெண்டு ஊசி உண்டு, டிடாப் (டெட்டனஸ், தொண்டை அடைப்பான், கக்குவான் இருமலுக்கு) ஒண்ணு, மெனிஞ்சைட்டிஸ் (மூளைக்காய்ச்சல்) தடுப்பூசி ஒண்ணு. பிள்ளைக்கு இன்னும் 11 வயசு முடியலன்னா 11ஆவது பிறந்தநாள் வந்து ரெண்டு வாரத்துக்குள்ள போடணும்.

டிபி டெஸ்டும் கேப்பாங்க, இந்தியாலேர்ந்து வர்ற பிள்ளைங்களுக்கு அது வழக்கம்தான், பதற வேணாம். ஆனா நம்ம பிள்ளைங்க எல்லாருக்கும் பிறந்தப்பவே பிசிஜி (டிபி தடுப்பூசி) போட்டிருக்கும், அதனால கைல குத்திப் பாக்கற டெஸ்ட்ல டிபி இல்லாமலே வீங்கிக் காட்டலாம், அப்புறம் எக்ஸ்ரே அது இதுன்னு அலைச்சல். ரத்த டெஸ்ட் எடுக்கலாமான்னு டாக்டர்கிட்ட கேளுங்க, அதுக்கும் பிசிஜிக்கும் சம்பந்தமில்ல.

வெளிநாட்டுலேர்ந்து வர்ற பிள்ளைக்கு ஊசி ரெக்கார்ட காட்ட 30 நாள் டைம் குடுக்கறாங்க. அது இருக்குதேன்னு ஆகஸ்ட் கடைசி வரைக்கும் விட்டுடாதீங்க, அந்த நேரத்துல கிளினிக்ல அப்பாயின்மென்ட் கிடைக்கறது ரொம்பக் கஷ்டம்.

ரெஜிஸ்ட்ரேஷன்

முதல்ல ஆன்லைன்ல விவரத்த நிரப்பணும், அப்புறம் டாகுமென்ட் காட்டணும். வீட்டு வாடகை ஒப்பந்தம், கரன்ட் பில், கேஸ் பில், பேங்க் ஸ்டேட்மென்ட் மாதிரி அட்ரஸ் இருக்கறதெல்லாம் எடுத்துட்டுப் போங்க, ஒண்ணு ரெண்டு கூடவே இருக்கட்டும். சொந்தக்காரங்க வீட்டுல தங்கியிருந்தீங்கன்னா வீட்டுக்காரங்க நோட்டரி முன்னாடி கையெழுத்துப் போட்டுத் தர ஒரு அஃபிடவிட் இருக்கு, அதுக்கான பாரம் டிஸ்ட்ரிக்ட்லயே கிடைக்கும். விசா என்ன ஸ்டேட்டஸ்னு பாத்து பிள்ளைய சேர்க்கறது இல்லைன்னு சொல்றது கிடையாது, 1982லயே அமெரிக்க சுப்ரீம் கோர்ட் பிளைலர் வழக்குல அத தீர்த்து வச்சிருச்சு. ஹெச்4ல (வேலை விசால வந்தவங்க குடும்பத்துக்குக் குடுக்கற விசா) இருக்கோம், விசா புதுப்பிக்கக் குடுத்திருக்கோம்னு தயங்கிக்கிட்டு நிக்காதீங்க.

எந்தக் கிளாஸ்ங்கறத பெரும்பாலும் வயச வச்சுதான் சொல்லுவாங்க. ஊர்ல ஏப்ரல்ல ஆறாங்கிளாஸ் முடிச்சுட்டு மே மாசம் வர்ற பிள்ளைய இங்க மறுபடி ஆறாங்கிளாஸ்லயே உக்கார வைப்பாங்க, ஏன்னா இங்க வருஷம் ஜூன் கடைசிலதான் முடியுது. ஃபெயில் ஆக்கிட்டாங்கன்னு பிள்ளை நினைச்சுக்கும், முன்னாடியே சொல்லி வச்சிருங்க.

அப்புறம் பேரு. நம்ம ஊர்ல இனிஷியல்தானே, நிறைய பிள்ளைங்க பாஸ்போர்ட்ல சர்நேம் காலம் காலி, இல்லன்னா முழுப்பேரும் ஒரே காலத்துல. அப்படி இருந்தா விசால முதல் பேருக்குப் பதிலா எஃப்என்யூன்னு வந்துரும், முதல் பேரு தெரியலன்னு அதுக்கு அர்த்தம். அத அப்படியே ஸ்கூல் கம்ப்யூட்டர்லயும் ஏத்திட்டா முதல் நாள் அட்டென்டன்ஸ் எடுக்கற டீச்சர் பிள்ளைய "ஃப்னூ"ன்னு கூப்பிடுவாங்க, எங்களுக்குத் தெரிஞ்ச ஒரு பொண்ண ரெண்டு வாரம் அப்படித்தான் கூப்பிட்டாங்க, அது வீட்டுல கூட சொல்லல. புது ஊர்ல முதல் வாரமே ஒரு குழந்தைக்கு தன் பேரே இல்லாம போறது எவ்வளவு வேதனைன்னு யோசிச்சுப் பாருங்க. கூப்பிடற பேருன்னு போட தனி இடம் இருக்கான்னு ரெஜிஸ்ட்ரேஷன் அன்னிக்கே கேட்டு எழுத வச்சிருங்க. முடிஞ்சா பாஸ்போர்ட்டயே ஊர்ல சரி பண்ணிட்டு வாங்க.

பாரத்துல வீட்டுல என்ன மொழி பேசறீங்கன்னு ஒரு கேள்வி வரும். சில பேரு தமிழ்னு போட்டா பிள்ளைய இஎஸ்எல்ல (இங்கிலீஷ் சரியா வராத பிள்ளைங்களுக்கான தனி கிளாஸ்) போட்டுருவாங்கன்னு பயந்து இங்கிலீஷ்னு போடறாங்க. அப்படிப் பண்ணாதீங்க. தமிழ்னு போட்டா ஒரு சின்ன டெஸ்ட் வைப்பாங்க, படிக்க, எழுத, கேக்க, பேச. இங்கிலீஷ் மீடியத்துல நல்லா படிச்ச பிள்ளைங்க பெரும்பாலும் தாண்டிருவாங்க, தாண்டலன்னா பிள்ளைக்கு நிஜமாவே உதவி தேவைன்னு அர்த்தம், அந்த உதவி இலவசமா கிடைக்குது, அத ஏன் தடுக்கணும்?

கணக்குப் பாடம்: இத மட்டும் விட்டுடாதீங்க

நான் அடிச்சு சொல்றது இதுதான். இங்க மிடில் ஸ்கூல் கணக்குல லெவல் லெவலா இருக்கும். எட்டாங்கிளாஸ்ல அல்ஜிப்ரா 1 முடிக்கற பிள்ளைக்கு ஒன்பதுல ஜியோமெட்ரி, பத்துல அல்ஜிப்ரா 2, பதினொண்ணுல ப்ரீ-கால்குலஸ், பன்னெண்டுல கால்குலஸ்னு வழி நேரா போகுது. எட்டுல அது கிடைக்கலன்னா பன்னெண்டுல கால்குலஸ் எடுக்க நடுவுல எங்கயாச்சும் சம்மர் லீவுலயோ, ஒரே வருஷத்துல ரெண்டு கணக்குப் பாடமாவோ படிச்சு சேர்ந்துக்கணும். எட்டுல அல்ஜிப்ராவுக்கு வரணும்னா ஆறு, ஏழுலயே மேல் லெவல்ல இருக்கணும். ஜூலைல வர்ற பிள்ளைக்கு இங்க பழைய டெஸ்ட் ஸ்கோர் எதுவும் கிடையாது, அதனால யாரும் கேக்கலன்னா சாதாரண லெவல்ல போட்டுட்டுப் போயிருவாங்க.

ஆகஸ்ட் நடுவுலயே கைடன்ஸ் கவுன்சலருக்கு மெயில் போடுங்க. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கவுன்சலர் உண்டு, மிடில் ஸ்கூல்ல உங்களுக்கு வேண்டிய ஆள் பிரின்சிபல் இல்ல, இவங்கதான். பிள்ளை முழுப்பேரு, கிளாஸ், ஸ்டூடன்ட் ஐடி போட்டு, ஊர்ல இதுவரைக்கும் என்ன படிச்சிருக்கான்னு நாலு வரி எழுதி, ப்ளேஸ்மென்ட் டெஸ்ட் வைக்க முடியுமான்னு கேளுங்க. மார்க் ஷீட்ல 98ன்னு இருக்கறத மட்டும் வச்சு வாதாடாதீங்க, அங்க அது எடுபடாது, பாட லிஸ்ட்டுதான் அவங்களுக்கு உதவும். நாங்க பையனோட அஞ்சாங்கிளாஸ் கணக்கு புக்கோட பொருளடக்கத்த போட்டோ எடுத்து அனுப்பினோம், அதுக்குத்தான் பதில் வந்துச்சு.

அதே சமயம் பிள்ளையால முடியுமான்னும் பாருங்க. நம்ம பிள்ளைங்க பெருக்கல் வகுத்தல்ல வேகமா இருப்பாங்க, ஆனா இங்க ஏன் அப்படி வந்துச்சுன்னு வார்த்தைல எழுதச் சொல்லுவாங்க, விடை சரியா இருந்தாலும் விளக்கம் இல்லன்னா மார்க் போகும். எங்க பையன் முதல் டெஸ்ட்ல எல்லா விடையும் சரியா போட்டுட்டு 70 சொச்சம்தான் வாங்கினான், அழுதுட்டே வந்தான். ஒரு மாசம் தினம் ஒரு கணக்குக்கு எப்படி செஞ்சேன்னு அவனே வாய் விட்டு சொல்லி, அப்புறம் எழுதிப் பழகினதுல சரியாச்சு.

முதல் ரெண்டு வாரம்

லாக்கர். இத நான் சாதாரணமா நினைச்சேன், ஆனா ஆறாங்கிளாஸ் பிள்ளைங்களுக்கு இதுதான் பெரிய பயம், ஏன்னா ரெண்டு பீரியடுக்கு நடுவுல கிடைக்கற சில நிமிஷத்துல பூட்ட திறந்து புக்க மாத்திட்டு அடுத்த ரூமுக்கு ஓடணும். நம்ம ஊர் சாவிப் பூட்டு இல்ல, நம்பர் சுத்தற பூட்டு. வலது பக்கமா மூணு முழு சுத்து சுத்தி முதல் நம்பர்ல நிறுத்தணும், அப்புறம் இடது பக்கமா ஒரு முழு சுத்து சுத்தி முதல் நம்பர தாண்டிப் போய் ரெண்டாவது நம்பர்ல நிறுத்தணும், கடைசியா வலது பக்கமா நேரா மூணாவது நம்பருக்குப் போய் இழுக்கணும். நம்பர் தள்ளிப் போயிட்டா திறக்காது, முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். கடைல அதே மாதிரி ஒரு பூட்டு வாங்கி ஆகஸ்ட்லயே வீட்டுல பழக விடுங்க. எங்க பையன் டிவி பாக்கறப்ப மடில வச்சு சுத்திக்கிட்டே இருந்தான், ஸ்கூல் திறக்கறப்ப கண்ண மூடிட்டே திறக்கற அளவுக்கு வந்துட்டான், முதல் நாள் பக்கத்து லாக்கர் பையனுக்கு திறந்து குடுத்துதான் அவனுக்கு முதல் ஃப்ரெண்டே கிடைச்சான்.

சாப்பாடு. சூடு பண்ணித் தர ஆள் இருக்காதுன்னு வச்சுக்குங்க. நல்ல தெர்மாஸ் டப்பா வாங்கி காலைல கொதிக்கற தண்ணிய ஊத்தி பத்து நிமிஷம் மூடி வச்சு, கொட்டிட்டு அப்புறம் சாதத்த வைங்க, மதியம் வரைக்கும் சூடா இருக்கும். லெமன் சாதம், சப்பாத்தி ரோல் மாதிரி சீக்கிரம் சாப்பிடறது நல்லது, லஞ்ச் டைம் கம்மி. வருமானம் ஒரு அளவுக்குக் கீழ இருந்தா இலவசமாவோ குறைஞ்ச விலையிலயோ சாப்பாடு உண்டு, பாரத்த எல்லாரும் நிரப்பிப் பாக்கலாம், அதுல கூச்சப்பட எதுவும் இல்ல.

ஜிம் பீரியடுக்கு தனி டிரஸ், தனி ஷூ, டியோடரன்ட். இது எல்லாத்தையும் பிள்ளைகிட்ட ஸ்கூல் திறக்கறதுக்கு முன்னாடியே பேசிருங்க.

அப்புறம் டிரில். நியூஜெர்சி சட்டப்படி மாசத்துக்கு ஒரு ஃபயர் டிரில், ஒரு செக்யூரிட்டி டிரில் நடத்தணும். செக்யூரிட்டி டிரில்ல ஒரு வகை, கதவ பூட்டி லைட்ட அணைச்சுட்டு ஒரு ஓரமா சத்தமில்லாம உக்காந்திருக்கறது. ஊர்லேர்ந்து வந்த குழந்தைக்கு இது என்னன்னே தெரியாது, நிஜமாவே ஏதோ நடக்குதுன்னு நடுங்கிப் போயிரும். ஸ்கூல் திறக்கறதுக்கு முன்னாடி நாள் ராத்திரி நீங்களே உக்காத்தி வச்சு, இது பழக்கத்துக்கு செய்யறது, டீச்சர் சொல்றத கேட்டா போதும்னு சொல்லி வைங்க.

வருஷம் ஓட ஆரம்பிச்சதும்

மார்க், அட்டென்டன்ஸ் எல்லாம் ஜெனிசிஸ்னு ஒரு பேரன்ட் போர்ட்டல்ல வரும், ஹோம்வொர்க் கூகுள் கிளாஸ்ரூம்ல. வாரத்துக்கு ஒரு தடவை பிள்ளைய பக்கத்துல வச்சுக்கிட்டு பாருங்க, தினம் பாத்துட்டு ஆபீஸ்லேர்ந்து மெசேஜ் போட்டு ஏன் இந்த க்விஸ்ல 8ன்னு கேக்காதீங்க. ஏதாச்சும் சப்மிட் பண்ணலன்னு காட்டினா முதல்ல பிள்ளையே டீச்சருக்கு மெயில் எழுதட்டும். பதினொரு வயசுல டீச்சருக்கு மெயிலான்னு நமக்குத் தோணும், ஆனா இங்க அத எதிர்பார்க்கறாங்க, ரீடேக் (அதே டெஸ்ட்ட மறுபடி எழுதறது) உண்டான்னு கேக்கற பிள்ளைக்குத்தான் நிறைய டீச்சருங்க ரீடேக் குடுக்கறாங்க.

செப்டம்பர்ல பேக் டு ஸ்கூல் நைட் வரும், நாமளும் பிள்ளையோட டைம்டேபிள்படி ரூம் ரூமா போய் ஒவ்வொரு டீச்சரையும் சில நிமிஷம் பாக்கலாம். லீவு கேட்டாவது போங்க. உங்க பிள்ளையோட மார்க் பத்திப் பேசற இடம் அது இல்ல, முகத்த பாத்து ஒரு வணக்கம் சொல்லிட்டு வந்தா போதும்.

ஊருக்குப் போற விஷயம். பொங்கலுக்கு, கல்யாணத்துக்குன்னு ஜனவரில மூணு வாரம் போயிட்டு வரலாம்னு எல்லாருக்கும் ஆசை, எனக்கும்தான். ஆனா இங்க வருஷத்துக்கு 180 நாள்தான் ஸ்கூல், அதுல 10 சதவீதம், அதாவது 18 நாள் வராம இருந்தா நாள்பட்ட ஆப்சென்ட்னு கணக்கு. அனுமதி இல்லாத லீவு 10 நாள் ஆனாலே அது தனிப் பிரச்சனை. பாட்டிக்கு உடம்பு சரியில்லன்னு அவசரமா போற நிலைமைனா டிக்கெட் போட்ட உடனே கவுன்சலருக்கும் அட்டென்டன்ஸ் ஆபீசுக்கும் எழுதிருங்க. தீபாவளி மாதிரி பண்டிகைக்கு மாநில கல்வி போர்டு ஒவ்வொரு வருஷமும் ஒரு மத விடுமுறை லிஸ்ட் போடுது, அதுல இருக்கற நாளுக்கு லெட்டர் குடுத்தா அந்த லீவு பிள்ளைக்கு எதிரா கணக்குல வராது.

பிள்ளைய யாராச்சும் கிண்டல் பண்ணா

சாப்பாட்டு வாசனை, பேச்சு, பேரு, நிறம், எதுவா இருந்தாலும் விடாதீங்க. நியூஜெர்சில 2011லேர்ந்து இதுக்குன்னே கடுமையான சட்டம் இருக்கு, எல்லாரும் எச்ஐபின்னு (தொந்தரவு, மிரட்டல், கொடுமைன்னு அர்த்தம்) சொல்லுவாங்க. ஒவ்வொரு ஸ்கூல்லயும் இதுக்குன்னு ஒரு ஆள் உண்டு. புகார் போனா ஒரு ஸ்கூல் நாளுக்குள்ள விசாரணைய ஆரம்பிக்கணும், 10 ஸ்கூல் நாளுக்குள்ள முடிக்கணும். வாய்ல சொல்லாம எழுத்துல குடுங்க, என்ன வார்த்தை, எந்த நாள், எந்த இடம், பக்கத்துல யாரு இருந்தாங்கன்னு. நம்ம பிள்ளைங்க அம்மா அப்பா கஷ்டப்படுவாங்கன்னு மறைச்சிருவாங்க. "ஸ்கூல் எப்படி இருந்துச்சு"ன்னு கேட்டா "நல்லா இருந்துச்சு"ன்னுதான் வரும், "லஞ்ச்ல யாரு பக்கத்துல உக்காந்தே"ன்னு கேளுங்க, அதுல நிறைய தெரியும்.

படிக்கறதுலயோ கவனத்துலயோ பிள்ளைக்கு ஏதோ சிரமம் இருக்குன்னு தோணுச்சுன்னாலும் எழுத்துல கேளுங்க. எழுதிக் குடுத்தா 20 நாளுக்குள்ள மீட்டிங் வைக்கணும்னு இருக்கு, செலவு எதுவும் கிடையாது. ஊர்ல சோம்பேறின்னு பேரு வாங்கின எத்தனையோ பிள்ளைங்களுக்கு இங்க வந்துதான் என்ன பிரச்சனைன்னே தெரிய வந்திருக்கு.

எட்டாங்கிளாஸ் வர்றப்ப

எடிசன் இருக்கற மிடில்செக்ஸ் கவுன்டில எடிசன் அகாடமி, வுட்பிரிட்ஜ் அகாடமி மாதிரி மேக்னெட் ஹைஸ்கூல் (தேர்ந்தெடுத்து பிள்ளைங்கள எடுக்கற கவர்மென்ட் ஸ்கூல்) இருக்கு, கவுன்டில இருக்கற பிள்ளைங்க எட்டாங்கிளாஸ்ல அப்ளை பண்ணலாம், ஃபீஸ் கிடையாது, இடம் ரொம்பக் கம்மி. ஏழாங்கிளாஸ் கிரேடையும் பாக்கறாங்க, அதனால ஏழுல வந்து சேர்ற பிள்ளைங்க முதல் மார்க்கிங் பீரியட்ல, அதாவது முதல் ரிப்போர்ட் கார்டுல, தடுமாறினா உடனே கவுன்சலர்கிட்ட போங்க. எட்டாங்கிளாஸ் செப்டம்பர் மாசமே வெப்சைட்ல தேதி பாத்து காலண்டர்ல குறிச்சுக்குங்க, டிசம்பர்ல ஞாபகம் வந்து பிரயோஜனம் இல்ல. பிள்ளைக்கே விருப்பம் இருந்தா மட்டும் எழுத வைங்க. எங்க பையன் இப்போதைக்கு ஆர்கெஸ்ட்ரால செல்லோ பிடிச்சிருக்கு, அது இருக்கற ஹைஸ்கூல்தான் வேணும்னு சொல்றான், நாங்களும் சரின்னுட்டோம்.